பழைய ஹார்ட் டிஸ்க், புதுப் பெட்டி: மாட்டுவதா, குளோன் எடுப்பதா, வெளியே வைத்துக்கொள்வதா?

"ஏனுங்கண்ணா, பழைய டிஸ்க்கைக் கழட்டிப் புதுசுல மாட்டிட்டா முடிஞ்சுதுங்களே?"

தீபாவளிக்குப் பிறகு இதே கேள்வியை மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். திருப்பூரில் ஒரு நூல் கடை, சங்ககிரியில் ஒரு லாரி ஆபீஸ், பெருந்துறையில் கல்யாணப் பத்திரிகை அடிக்கும் ஓர் அச்சகம். மூன்று இடத்திலும் பழைய கம்ப்யூட்டர் பெட்டி. மூவரும் புதுசு வாங்கிவிட்டார்கள். விண்டோஸ் 10-க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஓடு நிறுத்தியது. பழைய பெட்டியோ விண்டோஸ் 11-ஐ ஏற்காது. ஈரோட்டில் சர்வீஸ் வேலை பார்க்கிற எனக்கு இப்போது வருகிற அழைப்புகளில் பாதி இப்படிப் பெட்டி மாற்றுகிறவர்களுடையதுதான்.

மூவருக்கும் நான் சொன்னது மூன்று விதமாக இருந்தது. "ஏன் அவருக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணு சொல்றீங்க? எழுதிக் கொடுங்க, எங்க ஆடிட்டரும் இதே குழப்பத்துலதான் இருக்காரு" என்றார் நூல் கடைக்காரர். ஆகவே எழுதுகிறேன். குளோன் என்பது, டிஸ்க்கில் உள்ளதை விண்டோஸோடு சேர்த்து அப்படியே இன்னொரு டிஸ்க்குக்குப் பிரதி எடுப்பது.

## முடிவெடுக்கும் முன் பார்க்க வேண்டியவை

டிஸ்க்கின் உடம்பு. எல்லாவற்றுக்கும் முதலில் இது. கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்று ஓர் இலவச மென்பொருள் இருக்கிறது. பழைய பெட்டி ஓடும்போதே அதைப் போட்டுப் பாருங்கள். நீலமாக இருந்தால் நல்லது. மஞ்சளாக இருந்தால் 'ரீஅலோகேட்டட் செக்டர்', 'கரண்ட் பெண்டிங் செக்டர்' என்ற இரண்டு வரிகளையும் கவனியுங்கள். ரீஅலோகேட்டட் என்றால் கெட்டுப்போன இடத்துக்குப் பதில் டிஸ்க் வேறு இடத்தை ஒதுக்கிவிட்டது; பெண்டிங் என்றால் அந்த இடத்தைப் படிக்க டிஸ்க் திணறுகிறது என்று அர்த்தம். அந்த எண் நாளுக்கு நாள் ஏறினால் அந்த டிஸ்க்குக்கு நாள் குறித்தாயிற்று. பெட்டியே உயிரில்லாமல் கிடந்தால் காதை வைத்துக் கேளுங்கள். சீரான 'உய்ங்' சத்தம் சரி. 'டிக்... டிக்... டிக்' என்று தட்டினால் உடனே கரண்டைப் பிடுங்குங்கள். இந்தக் கட்டுரையில் வரும் எந்த வழியும் அந்த டிஸ்க்குக்கு ஆகாது. ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் உள்ளே சேதம் கூடும். அது டேட்டா மீட்பவரிடம் போக வேண்டிய கேஸ்.

வேண்டியது ஃபைலா, நடப்பா? கேட்கிறவர்கள் பெரும்பாலும் யோசிக்காதது இது. பில், போட்டோ, டேலி என்ற கணக்கு மென்பொருளின் டேட்டா, எக்செல் ஷீட் இவை ஃபைல். எங்கே கொண்டுபோனாலும் திறக்கும். ஆனால் நீங்கள் தினமும் உட்கார்ந்து வேலை செய்கிற அந்த ஏற்பாடு வேறு. இன்ஸ்டால் செய்த மென்பொருள், லைசென்ஸ், பிரிண்டர் செட்டிங், தமிழ் ஃபாண்ட், பிரௌசரில் சேமித்த பாஸ்வேர்டு எல்லாம் சேர்ந்தது அது. அதைத்தான் நடப்பு என்கிறேன். ஃபைல் மட்டும் போதுமென்றால் வேலை சுளுவு. நடப்பும் வேண்டுமென்றால் அதற்கு விலை உண்டு.

வாய் பொருந்துமா? 2003 வாக்கில் சாட்டா என்ற இணைப்பு முறை வந்தது. தகவலுக்கு ஒல்லியான 7 பின் ஒயர், கரண்டுக்கு 15 பின். அதற்கு முந்தைய ஐடிஇ டிஸ்க் என்றால் 40 பின், பட்டையான நாடா ஒயர். இப்போது வரும் போர்டில் அதற்கு வாயே கிடையாது. சாட்டாவாக இருந்தாலும் புதுப் பெட்டியில் இடம் வேண்டுமே. இப்போது விற்கிற லேப்டாப்கள் பலவற்றில் சின்ன அட்டை மாதிரி டிஸ்க்கைச் செருகும் எம்.2 ஸ்லாட் மட்டும்தான். உள்ளங்கை அகல மினி பெட்டிக்குள் மூன்றரை இன்ச் டிஸ்க் உட்காராது.

பூட்டு இருக்கிறதா? பழையது விண்டோஸ் 10 அல்லது 11 ஓடிய லேப்டாப் என்றால் பிட்லாக்கர் (டிஸ்க்கில் உள்ளதைச் சங்கேதமாக்கும் விண்டோஸ் வசதி) பூட்டு விழுந்திருக்க வாய்ப்புண்டு, நீங்கள் போடாமலேயே. வேறு பெட்டியில் மாட்டினால் 48 இலக்க மீட்புச் சாவி கேட்கும். அது பெரும்பாலும் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் பதிவாகியிருக்கும். கழட்டுவதற்கு முன்பே எடுத்து எழுதி வையுங்கள்.

கடை எத்தனை மணி நேரம் நிற்கலாம்? இதை நீங்கள்தான் சொல்ல வேண்டும். லாரி ஆபீஸில் ராத்திரியிலும் லோடு ஏறும். அச்சகத்தில் வைகாசி முகூர்த்தம் முடிந்தால் மூன்று நாள் மூடிக்கூட வைக்கலாம்.

## வழி 1: பழைய டிஸ்க்கிலிருந்தே புதுப் பெட்டியைக் கிளப்புவது

கேள்வி கேட்பவர்கள் மனதில் இருப்பது இதுதான். கழட்டு, மாட்டு, சுவிட்சைப் போடு.

பழையது விண்டோஸ் 7 என்றால் பெரும்பாலும் நடக்காது. நீலத் திரை வந்து 0x7பி என்ற எண்ணைக் காட்டி நின்றுவிடும். புதுப் போர்டின் சாட்டா கன்ட்ரோலர் அதற்கு அறிமுகம் இல்லாத ஆள். அதைத் தாண்டி டெஸ்க்டாப் வரை வந்தாலும் கீபோர்டும் மவுஸும் செத்துக் கிடக்கும். விண்டோஸ் 7-இல் யூஎஸ்பி 3-க்கான டிரைவர் கிடையாது. 32 பிட் பதிப்பாக இருந்தால் நீங்கள் 16 ஜிபி ராம் போட்டிருந்தாலும் 4 ஜிபிக்கு மேல் அதன் கண்ணுக்குத் தெரியாது.

விண்டோஸ் 10, 11 இரண்டும் இந்த விசயத்தில் கெட்டி. சாதனங்களைத் தயார் செய்வதாகச் சொல்லி, இரண்டு முறை ரீஸ்டார்ட் ஆகி, பல நேரம் எழுந்து வந்துவிடும். முட்டுக்கட்டை வேறு இடத்தில். பழைய டிஸ்க் எம்பிஆர் என்ற பழைய முறையில் பிரிக்கப்பட்டிருக்கும். புதுப் போர்டோ யூஇஎஃப்ஐ என்ற புதிய பூட் முறையை மட்டும் பேசும். அப்போது டிஸ்க் இருப்பது தெரியும், ஆனால் பூட் ஆகாது. விண்டோஸ் 10-இன் 1703 பதிப்பிலிருந்து எம்பிஆர்2ஜிபிடி என்ற கருவி உள்ளேயே இருக்கிறது. டேட்டாவை அழிக்காமல் ஜிபிடி என்ற புது முறைக்கு மாற்றித் தரும். பேக்கப் எடுக்காமல் அதைத் தொட வேண்டாம்.

வெளியே தெரியாத செலவு இரண்டு. ஒன்று லைசென்ஸ். பெட்டியோடு வந்த ஓஇஎம் விண்டோஸ் அந்த மதர்போர்டோடு கட்டுப்பட்டது. வேறு போர்டில் எழுந்தால் 'ஆக்டிவேட் செய்யவும்' என்று மூலையில் எழுதிக்கொண்டே இருக்கும். இரண்டாவது வேகம். பழைய சுழலும் டிஸ்க் நொடிக்கு 100 எம்பி சுமாருக்குப் படிக்கும். சுழலாமல் சிப்பில் சேமிக்கிற எஸ்எஸ்டியோ, சாதாரண சாட்டா வகையே 500-ஐத் தாண்டும். புதுப் பெட்டி வாங்கி அதை இந்த டிஸ்க்கில் ஓட்டுவது, ஏழரை எச்பி மோட்டார் இறக்கி முக்கால் இன்ச் பைப்பில் தண்ணீர் எடுக்கிற கதை. "புதுசு வாங்கியும் அதே வேகந்தானுங்க" என்று வந்து நின்றவர்கள் எத்தனையோ பேர். பெட்டியில் குற்றமில்லை.

இந்த வழியை நான் சொல்வது இரண்டே இடத்தில். 19-ஆம் தேதி ராத்திரி பழைய போர்டு போய்விட்டது, 20-ஆம் தேதி ஜிஎஸ்டி மாத ரிட்டர்ன் (ஜிஎஸ்டிஆர்-3பி) போட வேண்டும், வேறு வழியில்லை: மாட்டி ஓட்டுங்கள், ஆனால் ஒரு நாளைக்கு மட்டும். இன்னொன்று, ஓடுகிற விண்டோஸுக்குள்ளிருந்துதான் எடுக்க முடிகிற சங்கதிகள். குரோமில் சேமித்த பாஸ்வேர்டுகள் அப்படி. அந்த ஃபோல்டரை அப்படியே காப்பி செய்து வேறு பெட்டியில் போட்டால் திறக்காது, அவை அந்த விண்டோஸ் யூசரோடு பூட்டப்பட்டவை. பழைய டிஸ்க்கை ஒருமுறை கிளப்பி, பாஸ்வேர்டுகளை எக்ஸ்போர்ட் செய்துகொண்டு மறுபடி கழட்டிவிடலாம்.

## வழி 2: உள்ளேயே இரண்டாவது டிஸ்க்காக மாட்டுவது

புது எஸ்எஸ்டியில் புது விண்டோஸ். பழைய டிஸ்க் பக்கத்தில் டி டிரைவாகவோ ஈ டிரைவாகவோ. செலவு ஒரு சாட்டா ஒயர், நான்கு திருகு. பலருக்கும் பிடித்த வழி இது. எனக்குப் பிடிக்காத வழியும் இதுதான். காரணத்தைக் கதையாகவே சொல்கிறேன், தப்பு என்னுடையது.

காங்கயத்தில் ஓர் எண்ணெய் மில். புதுப் பெட்டிக்குள் இரண்டு டிஸ்க்கையும் மாட்டிவிட்டுத்தான் விண்டோஸை இன்ஸ்டால் செய்தேன். நன்றாக ஓடியது. நாலு மாதம் கழித்துப் பழைய டிஸ்க் இரைகிறது என்று மில்காரர் மகன் அதைக் கழட்டி வைத்துவிட்டான். மறுநாள் காலை எட்டரைக்கு போன்: "அண்ணா, கறுப்பா இருக்குதுங்க, பூட் டிவைஸ் இல்லைங்குது." விண்டோஸ் முழுக்க எஸ்எஸ்டியில்தான் இருந்தது. ஆனால் இன்ஸ்டால் ஆகும்போது பழைய டிஸ்க்கில் ஏற்கெனவே இருந்த பூட் பகுதியைப் பார்த்து, தன் பூட் ஃபைல்களை அங்கே போட்டுக்கொண்டது. வீடு ஓரிடம், வாசல் இன்னோரிடம். சென்னிமலை வழியாகப் போய்ச் சேர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. பழைய டிஸ்க்கை மறுபடி மாட்டிய நிமிடம் பெட்டி எழுந்தது. எஸ்எஸ்டியிலேயே பூட் பகுதி உண்டாக்கிக் கொடுக்க மதியம் ஆகிவிட்டது. அதற்குக் காசு வாங்கவில்லை.

அன்றிலிருந்து விண்டோஸ் போடும்போது மற்ற எல்லா டிஸ்க்கின் ஒயரையும் பிடுங்கிவிடுகிறேன். நீங்களே செய்கிறீர்களானாலும், கடையில் கொடுத்துச் செய்கிறீர்களானாலும் இதை ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

இதில் வேறு தொல்லைகளும் உண்டு. சில போர்டுகளில் எம்.2 ஸ்லாட்டில் எஸ்எஸ்டி போட்டால் ஒரு சாட்டா போர்ட் வேலை செய்யாது. டிஸ்க் போய்விட்டது என்று பயந்து வருகிறவர்களுக்குப் பக்கத்து போர்ட்டில் மாட்டிக் கொடுத்தால் தீர்ந்தது. பழைய டிரைவ் எழுத்து மாறிவிடும். டேலி 'டி டிரைவில் டேட்டா' என்று தேடும், டேட்டா ஈ டிரைவில் உட்கார்ந்திருக்கும். டிஸ்க் மேனேஜ்மென்டில் எழுத்தை மாற்றினால் சரியாகிவிடும்.

பெரிய ஆபத்து ஒரு நினைப்பு: "ரெண்டு டிஸ்க் இருக்குது, ஒண்ணு போனா இன்னொண்ணு." ஒரே பெட்டி, கரண்ட் கொடுக்கும் ஒரே எஸ்எம்பிஎஸ். இடி இறங்கினால் இரண்டும் ஒன்றாகப் போகும். பல வருசம் ஓடிய டிஸ்க்கை இன்னும் தினம் பத்து மணி நேரம் சுழலவிட்டு அதில் ஒரே பிரதியை வைத்திருப்பதைப் பேக்கப் என்று சொல்ல மாட்டேன்.

யாருக்குச் சரி? டிஸ்க் வாங்கி மூன்று வருசத்துக்குள்தான் இருக்கும், 2 டிபி, 4 டிபி மாதிரிப் பெரிசு, உள்ளே இருப்பது இடத்தை அடைக்கிற சரக்கு: கல்யாண வீடியோ, கேமரா பதிவு, இன்னொரு பிரதி வேறெங்கோ இருக்கிற போட்டோக்கள். போட்டோ ஸ்டுடியோக்காரர்களுக்கு இதைத் தாராளமாகச் சொல்வேன்.

## வழி 3: வெளியே கேஸில் போட்டு, வேண்டியதை மட்டும் காப்பி எடுப்பது

டிஸ்க்கை ஒரு யூஎஸ்பி கேஸுக்குள் போட்டுப் புதுப் பெட்டியில் பென் டிரைவ் மாதிரிச் செருகுவது. லேப்டாப்பின் இரண்டரை இன்ச் டிஸ்க்குக்கு 5 வோல்ட் போதும், யூஎஸ்பி ஒயரே கரண்டும் கொடுத்துவிடும்; கேஸ் சில நூறு ரூபாய்தான். டெஸ்க்டாப்பின் மூன்றரை இன்ச்சுக்கு 12 வோல்ட்டும் வேண்டும். தனி அடாப்டரோடு வருகிற கேஸையோ டாக்கையோ கேட்டு வாங்குங்கள். சின்ன கேஸ் ஒயரை மூன்றரை இன்ச்சில் செருகிவிட்டு, "டிஸ்க் செத்துப்போச்சுங்க" என்று தூக்கிக்கொண்டு வருவார்கள். சாகவில்லை, பட்டினி கிடக்கிறது. ஐடிஇ டிஸ்க்குக்கும் சாட்டாவுக்கும் பொதுவாக வருகிற கன்வெர்டர் உண்டு. பழைய டிஸ்க் நாலைந்து இருக்கிற ஆபீஸுக்கு அது நல்ல முதலீடு.

நீல வாயுள்ள யூஎஸ்பி 3-இல் செருகுங்கள். 500 ஜிபியை நொடிக்கு 100 எம்பி வீதம் எடுத்தால் ஒன்றரை மணி நேரத்துக்குள் முடியும். கறுப்பு வாய் யூஎஸ்பி 2-இல் நொடிக்கு 35 எம்பி வந்தால் பெரிசு, அப்போது நாலு மணி நேரம். ஆயிரக்கணக்கில் குட்டிக் குட்டி ஃபைல் இருந்தால் இந்தக் கணக்கெல்லாம் செல்லாது, ராத்திரி போட்டுவிட்டுத் தூங்கப் போய்விடுங்கள். யூபிஎஸ் இல்லாமல் தொடங்க வேண்டாம். மறுநாள் மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை உங்கள் ஏரியாவுக்கு இருக்கிறதா என்று பேப்பரில் பார்த்துவிடுங்கள்.

பழைய யூசர் ஃபோல்டரைத் திறந்தால் 'உங்களுக்கு அனுமதி இல்லை' என்று வரும். 'கன்டினியூ' கொடுத்தால், உள்ளே உள்ள ஒவ்வொரு ஃபைலுக்கும் உரிமை மாற்றிக்கொண்டு பச்சைக் கோடு மெதுவாக நகரும். தொங்கிவிட்டது என்று பாதியில் மூடாதீர்கள்.

இந்த வழியின் உண்மையான செலவு, எதை எடுக்கவில்லை என்பது பிறகுதான் தெரியவரும் என்பது. டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், டவுன்லோட்ஸ் எல்லோரும் எடுத்துவிடுவார்கள். விட்டுப்போவது இவை: சி டிரைவ் வேரிலேயே கிடக்கும் டேலி ஃபோல்டர், யூசர்ஸுக்குள் உள்ள 'பப்ளிக்', மறைந்திருக்கும் 'ஆப்டேட்டா'வுக்குள் அவுட்லுக் மெயில், விண்டோஸுக்குள் 'ஃபாண்ட்ஸ்'.

கடைசியாகச் சொன்னதுதான் பெருந்துறை அச்சகத்தில் நடந்தது. நான் போவதற்கு முன்பே அங்கே வேலை பார்க்கிற தம்பி ஃபைல் எல்லாவற்றையும் ஒழுங்காகக் காப்பி எடுத்துவிட்டான். பல வருசத்துப் பத்திரிகைகள், ஊர் பேர் போட்டு, குலம் போட்டு, அடுக்கடுக்கான ஃபோல்டர். புதுப் பெட்டியில், பேஜ்மேக்கர் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில் செய்த ஃபைலைத் திறந்தான். 'திருமண அழைப்பிதழ்' இருக்க வேண்டிய இடத்தில் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கொக்கியுமாக ஒரு வரி. அந்தக் காலத்து ஃபாண்டுகள் யூனிகோட் அல்ல. ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் உருவத்தை வைத்தவை. ஃபாண்ட் கூட வராவிட்டால் ஃபைல் வெறும் கிறுக்கல். பழைய டிஸ்க் மேசைமேல் கேஸுக்குள் அப்படியே இருந்ததால் பிழைத்தோம். ஃபாண்ட்ஸ் ஃபோல்டர் முழுக்க எடுத்துப் போட்டவுடன் அழைப்பிதழ் அழைப்பிதழாக வந்தது. டிஸ்க்கை அதற்குள் ஃபார்மேட் அடித்திருந்தால்? பேஜ்மேக்கர் 7 வந்தது 2001-இல். அந்த சிடியும் ஃபாண்ட் சிடியும் இன்று யாரிடம் போய்க் கேட்பது?

டேலிக்கு ஒரு வார்த்தை. டேட்டா ஃபோல்டரைக் காப்பி எடுத்தால் போதும், ஆனால் லைசென்ஸ் பெட்டியோடு கட்டுப்பட்டது. பழைய பெட்டி ஓடும்போதே அதில் லைசென்ஸை சரண்டர் செய்துவிட்டுப் புதுசில் ஆக்டிவேட் செய்யுங்கள். பழசு செத்த பிறகு என்றால் ரீஆக்டிவேட் செய்யலாம், அதற்கு லைசென்ஸ் பதிவான மெயில் ஐடி கையில் இருக்க வேண்டும். அந்த மெயில் பழைய அக்கவுன்டன்டுடையதாக இருந்து, அவர் வேலையை விட்டுப் போயிருந்தால் அது தனிக் கதை.

இத்தனை சொன்ன பிறகும், பத்தில் ஏழு பேருக்கு நான் சொல்வது இந்த வழியைத்தான். புது விண்டோஸ் சுத்தமாக இருக்கும். பழைய குப்பையும் வைரஸும் கூட வராது. முக்கியமாக, அசல் டிஸ்க் கைபடாமல் அப்படியே இருக்கும். எதை மறந்திருந்தாலும் திரும்பப் போய் எடுக்கலாம்.

## வழி 4: புது எஸ்எஸ்டிக்கு குளோன் எடுப்பது

தறி பார்த்தவர்களுக்கு இதைச் சொல்வது எளிது. பாவு தீர்ந்துபோனால் புதுப் பாவை முதலிலிருந்து கோக்க மாட்டார்கள். பழைய பாவின் இழை முனையோடு புது இழையைப் பிணைத்து இழுத்துவிட்டால், விழுதும் அச்சும் கலையாமல் அப்படியே தொடரும். குளோனும் அதுதான். டிஸ்க் மாறும், ஏற்பாடு கலையாது.

ஆனால் பிணைச்சலில் ஓர் இழை தப்பினால் துணி முழுக்கக் கோடு விழுமல்லவா, இங்கேயும் அப்படித் தப்புகிற இடங்கள் உண்டு. பழைய டிஸ்க்கில் பேட் செக்டர் (படிக்க முடியாத இடம்) இருந்தால் குளோன் பாதியில் நிற்கும். பிட்லாக்கரை முன்பே எடுத்துவிட வேண்டும், விண்டோஸை முழுக்க அணையவிடாத ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்பையும் அணைக்க வேண்டும். குளோன்ஸில்லா என்ற மென்பொருள் இலவசம், நம்பகமானது. ஆனால் 1 டிபி டிஸ்க்கை 500 ஜிபி எஸ்எஸ்டிக்குள் போடச் சொன்னால், உள்ளே 150 ஜிபிதான் நிரம்பியிருந்தாலும் நேராக ஒத்துக்கொள்ளாது. முதலில் பார்ட்டிஷனைச் சுருக்கித் தர வேண்டும். எஸ்எஸ்டி கம்பெனிகள் பல தங்கள் டிஸ்க்குக்கென்று இலவச குளோன் மென்பொருள் தருகின்றன. புதியவர்களுக்கு அதுவே சுளுவு. குளோன் முடிந்ததும் பழைய டிஸ்க்கைக் கழட்டிவிட்டுத்தான் முதல் முறை பூட் செய்ய வேண்டும். இரண்டுக்கும் ஒரே அடையாள எண், விண்டோஸ் குழம்பிவிடும்.

இன்னொன்று முக்கியம். அதே பெட்டியில் டிஸ்க்கை மட்டும் மாற்றுகிறீர்கள் என்றால் குளோனுக்கு ஈடில்லை. பெட்டியும் மாறுகிறது என்றால், வழி 1-இல் சொன்ன யூஇஎஃப்ஐ, லைசென்ஸ் சிக்கல்கள் அத்தனையும் குளோனோடு கூடவே வரும். புதுப் பெட்டி விண்டோஸ் 11 ஹோம் சாவியோடு வந்திருக்கும், நீங்கள் குளோன் எடுத்தது விண்டோஸ் 10 ப்ரோ. ஹோம் சாவி ப்ரோவைத் திறக்காது. மென்பொருளின் லைசென்ஸ்களும் பெட்டி மாறியதைக் கண்டுபிடித்துத் திரும்பப் பதியச் சொல்லும்.

அப்படியும் சங்ககிரி லாரி ஆபீஸுக்கு இதைத்தான் செய்தேன். அவர்கள் பில் போடுகிற மென்பொருளை எழுதிக் கொடுத்தவர் எங்கே என்று யாருக்கும் தெரியாது. செட்டப் ஃபைலும் இல்லை. நல்லவேளையாக விண்டோஸ் 10, டிஸ்க்கும் நீலம். ராத்திரி பத்து மணிக்கு ஆரம்பித்தேன், விடிவதற்குள் புதுப் பெட்டியில் பில் ஸ்கிரீன் வந்துவிட்டது. வராதது பிரிண்டர். நாலு பிரதி கார்பனோடு அடிக்கிற டாட் மேட்ரிக்ஸ், பின்னால் பேரலல் போர்ட் ஒயர். புதுப் போர்டில் அந்த வாயே இல்லை. பேரலல் போர்ட் கார்டு வாங்கி மாட்டும்வரை ஒன்றரை நாள் கையால் ரசீது எழுதினார்கள். "டிஸ்க் மாத்தறதுக்குச் சொன்னா பிரிண்டருக்கும் செலவு வெச்சுட்டீங்களே சாமி" என்றார் மானேஜர். முன்கூட்டியே பின்பக்கம் எட்டிப் பார்த்திருக்க வேண்டியது நான்தான்.

பழையது விண்டோஸ் 7, மென்பொருளும் விட முடியாதது என்றால்? மைக்ரோசாஃப்டின் டிஸ்க்2விஎச்டி என்ற இலவசக் கருவியால் பழைய டிஸ்க்கையே ஒரு ஃபைலாக்கி, புதுப் பெட்டியில், கம்ப்யூட்டருக்குள் இன்னொரு கம்ப்யூட்டர் போல ஓடவைக்கிற விர்ச்சுவல் பாக்ஸ் மென்பொருளுக்குள் ஓட்டலாம். எம்பிராய்டரி டிசைன் மென்பொருள் மாதிரி, பேரலல் போர்ட்டில் டாங்கிள் (லைசென்ஸுக்கான சாவிக் கட்டை) செருகி ஓடுகிறவற்றுக்கு இந்த வித்தை பலிப்பது கஷ்டம். அவர்களுக்கு என் யோசனை: பழைய பெட்டியையே நெட் இணைப்பைப் பிடுங்கிவிட்டு அந்த ஒரு வேலைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

## கழட்டாமலே ஆகாதா?

பழைய பெட்டி ஓடுகிறது என்றால் ஆகும். இரண்டையும் ஒரே ரௌட்டரில் லேன் ஒயரால் இணைத்து, ஃபோல்டரை ஷேர் செய்து இழுத்துக்கொள்ளலாம். கிகாபிட் லேனில் சுழலும் டிஸ்க்கின் முழு வேகமும் கிடைக்கும். வைஃபையில் செய்தால் பொறுமை வேண்டும். கூகுள் டிரைவில் இலவசமாக 15 ஜிபிதான். அன்றாட ஃபைலுக்குச் சரி, டிஸ்க் மாற்றத்துக்குப் போதாது.

## ஒரே பார்வையில்

| வழி | கைச்செலவு | கடை நிற்கும் நேரம் | மென்பொருளும் வருமா | பிறகு வந்து நிற்கும் செலவு | யாருக்கு |
|---|---|---|---|---|---|
| 1. பழையதிலேயே பூட் | ஏதுமில்லை | அரை மணி, அல்லது நாள் முழுக்க | வந்தால் எல்லாம் வரும் | லைசென்ஸ், மந்த வேகம் | ஒரு நாள் அவசரத்துக்கு |
| 2. உள்ளே இரண்டாவது டிஸ்க் | ஒயர், திருகு | ஒரு மணி | வராது | பூட் பகுதி சிக்கல், பேக்கப் என்ற பொய் நம்பிக்கை | புதிய, பெரிய டிஸ்க் வைத்திருப்பவர் |
| 3. யூஎஸ்பி கேஸ் | சில நூறு முதல் | காப்பிக்கு 2–4 மணி, மென்பொருள் போட ஒரு நாள் | வராது | விட்டுப்போன ஃபோல்டர், ஃபாண்ட், சிடி தேடுதல் | பெரும்பாலானவர்களுக்கு |
| 4. குளோன் | எஸ்எஸ்டி விலை | ஓர் இரவு | வரும் | லைசென்ஸ் மறுபதிவு, பழைய குப்பை, பழைய வயர் வாய்கள் | செட்டப் ஃபைல் இல்லாத மென்பொருளை நம்பியவர் |

நூல் கடைக்கு வழி 3. அவர்களிடம் இருந்தது டேலியும் எக்செல்லும் மட்டுந்தான்; சரண்டர் செய்து, காப்பி எடுத்து, அன்று சாயங்காலமே பில் போட்டார்கள். "இதுக்கா இத்தனை பேசுனோம்" என்றார். பேசியதால்தான் சாயங்காலத்துக்குள் முடிந்தது என்று நான் சொல்லவில்லை.

## பழைய டிஸ்க்கை என்ன செய்வது?

எந்த வழியில் போனாலும் மூன்று மாதம் ஃபார்மேட் அடிக்காதீர்கள். மேலே தேதி எழுதிய ஒரு காகிதம் ஒட்டி, பீரோவில் வையுங்கள். கணக்கு டேட்டா என்றால் இன்னும் நீண்ட காலம்: ஜிஎஸ்டி சட்டப்படி வருடாந்திர ரிட்டர்ன் கெடு தேதியிலிருந்து 72 மாதம் கணக்குகள் இருக்க வேண்டும். ஆனால் அதற்குப் பழைய டிஸ்க் ஒன்றையே நம்பாமல் வேறொரு பிரதியும் எடுத்து வையுங்கள்.

தூக்கிப் போடுகிற நாள் வந்தால் சும்மா ஃபார்மேட் அடித்துப் பழைய இரும்புக் கடைக்குக் கொடுத்துவிடாதீர்கள். குயிக் ஃபார்மேட் அடித்த டிஸ்க்கிலிருந்து பான் கார்டு நகலும் பேங்க் ஸ்டேட்மென்ட்டும் திரும்ப எடுப்பது பெரிய வித்தை இல்லை. விண்டோஸிலுள்ள டிஸ்க்பார்ட் கருவியில் 'கிளீன் ஆல்' கொடுத்தால் முழுக்க எழுதி அழிக்கும், சில மணி நேரம் பிடிக்கும். ஓடாத டிஸ்க் என்றால் நான் பக்கத்து லேத் பட்டறைக்குக் கொண்டுபோவேன். அவர் டிரில்லிங் மெஷினில் வைத்து, உள்ளே தகடு இருக்கிற இடமாகப் பார்த்து இரண்டு ஓட்டை போட்டுக் கொடுப்பார். காசு கேட்டதில்லை. உள்ளே இருக்கிற காந்தம் இரண்டையும் எடுத்துக்கொள்வார். அவர் பட்டறைச் சுவரில் ஸ்பேனர்கள் தொங்குவதெல்லாம் என் வாடிக்கையாளர்களின் பழைய டிஸ்க் காந்தத்தில்தான்.